வெரோணிக்கம்மாள் வேதத்தில் இல்லை

புக்கிட் பெலண்டோக் தோட்டம்
18 பிப்ரவரி 2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் பமீலாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நானும் பாஸ்டரும் இங்கே சுகம். நீயும் உன் அம்மா அந்தோனியம்மாளும் ரஹாங்கில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நிச்சயத்தன்று உங்கள் வீட்டில் சாப்பிட்ட நண்டுக்கறி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. அம்மாவிடம் சொல்.

போன் இருக்கும்போது மாமியார் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்கு வலது காது கேட்காது. இடது காதில் போனை வைத்தால் பாதி கேட்கும், மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். கல்யாணப் பேச்சில் அது ஆபத்து. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், டொனால்ட் ஜோகூரில் உட்கார்ந்துகொண்டு நடுநடுவே சிரிக்கிற பொம்மை போடுகிறான். பெற்ற பிள்ளைதான், என்ன செய்வது.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்டதற்கு முகம் பார்த்துப் பதில் சொல்கிறாய். ஆனால் ராசாவில் நீ நடத்துகிற அழகு நிலையம் எங்கள் சபைக்கு ஒத்துவராது. பாஸ்டர் வீட்டு மருமகள் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மினுக்குப் பூசிக்கொண்டிருந்தால், பெண்கள் ஐக்கியத்தில் நான் என்ன பேச முடியும்? பின்னலும் பொன்னும் பட்டும் அழகல்ல, உள்ளே இருக்கிற மனுஷியைத்தான் தேவன் பார்க்கிறார் என்று பேதுரு அப்போஸ்தலர் பெண்களுக்கே எழுதியிருக்கிறார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் தோட்டைக்கூடக் கழற்றிவிட்டோம். நான் கழற்றியபோது டொனால்ட் வயிற்றில் இருந்தான்.

என் கூந்தலைப் பற்றி இந்தத் தோட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேள். முழங்காலைத் தொடும். இரட்டைப் பின்னலும் கனகாம்பரமுமாக நான் நடந்தால் லாரி டிரைவர்கள் பிரேக் போடுவார்கள். அதையும் ஒரே கொண்டையாக முடிந்து முக்காட்டுக்குள் வைத்துவிட்டேன். ஒரு நாளும் வருந்தியதில்லை.

செப்டம்பரில் கல்யாணம். அதற்குள் கடையை மூடிவிடு. மூடினால்தான் மூப்பர்கள் சபையில் கல்யாணம் நடத்தச் சம்மதிப்பார்கள். எனக்காகவும் ஒன்று கேட்கிறேன். நிச்சயத்தன்று உன் முகத்தைத் தேடினேன், பூச்சுதான் கிடைத்தது. ஒரு நாள் ஒன்றுமே பூசாமல் என் எதிரில் வந்து உட்கார்.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அத்தை,
தனலெட்சுமி ஹேமநாதன்


ரஹாங், சிரம்பான்
3 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இரண்டாவதைப் படிக்காமல் தாண்டிப் போனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அம்மா சுகம். நண்டுக்கறி விஷயத்தைச் சொன்னதிலிருந்து தரையில் கால் பாவாமல் நடக்கிறார். மாமாவுக்கு என் வணக்கம். களைப்பு என்று எழுதியிருந்தீர்கள், வெயிலில் நிற்காதீர்கள்.

தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு நான் தமிழில் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள்.

அத்தை, கடையை நான் மூட மாட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. மளிகைக் கடை மாடியில் ஒரே அறையில் தொடங்கி, இன்று எனக்குக் கீழே இருவர் வேலை செய்கிறார்கள். பகலெல்லாம் நிற்கிறேன், யாரையும் ஏமாற்றுவதில்லை. இது எப்படிப் பாவமாகும் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது எங்களுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில், இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு தலங்களாக நினைத்துச் சிலுவைப்பாதை செய்கிறோம். ஆறாம் தலத்தில் வெரோணிக்கம்மாள் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார். இயேசுவின் தோளிலிருந்து சிலுவையை இறக்கி வைக்க அந்த அம்மாளால் முடியவில்லை. இரத்தமும் தூசியுமாக இருந்த முகத்தைத் துடைக்கத்தான் முடிந்தது. அதற்காகவே ஆண்டவர் தம் முகத்தை அந்தத் துணியில் பதித்துக் கொடுத்தார். முகத்தைத் தொடுகிற வேலை அற்பம் என்றால் அப்படிச் செய்திருப்பாரா? என் கடைச் சுவரில் அந்தப் படத்தைத்தான் மாட்டியிருக்கிறேன்.

உங்கள் பிள்ளையிடம் கேட்டேன். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் லா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பமீலா


புக்கிட் பெலண்டோக் தோட்டம்
25 மார்ச் 2024

பிரியமான மகளுக்கு,

ஸ்தோத்திரம். சுகம் கேட்டதற்கு நன்றி, கர்த்தர் நடத்துகிறார். பிழை இரண்டுதான் இருந்தது, திருத்தவில்லை.

வெரோணிக்கம்மாள் வேதத்தில் இல்லை. நான்கு சுவிசேஷத்தையும் உட்கார்ந்து தேடிவிட்டேன். பாஸ்டரையும் தேடச் சொன்னேன். இல்லாத ஒருத்தியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வழக்கு நிற்காது, மகளே.

நீ சொன்னபடியே இருந்தாலும் அவள் துடைத்தாள், பூசவில்லை. தேவன் கொடுத்த முகத்தை நீ மறைக்கிறாய். என் இரண்டாவது கேள்விக்கு நீ பதிலே எழுதாததையும் கவனித்தேன். பூசாமல் எப்போது வருகிறாய்?

மூப்பர் முகுந்தன் இந்த வாரமும் கேட்டார். "கட மூடுனாத்தான் கல்யாணம், சிஸ்டர். பாஸ்டர் வீட்டுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆகவே நானும் மாற மாட்டேன். நீ பிடிவாதக்காரி என்று தெரிகிறது. நானும் இந்தத் தோட்டத்தில் வளர்ந்தவள்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வேலையாகச் சிரம்பான் வந்து போகிறேன். அவசரத்தில் உங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கர்த்தர் உன் கைகளைக் காப்பாராக.

தனலெட்சுமி


ரஹாங்
10 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தைக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நலம்தானே? இங்கே எல்லாரும் நலம்.

செவ்வாய்க்கிழமை என் கடைக்கு விடுமுறை. சிரம்பான் வருகிறவர்கள் ஒரு வேளை சாப்பிட்டுப் போனால் என்ன? அம்மா நண்டை வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறார்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மோகனா என்று ஒரு அக்கா, சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். தலையை அலசிவிடச் சொன்னார், வேறொன்றும் வேண்டாம் என்றார். வெந்நீர் ஊற்றி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே அழுதார். "ஒண்ணுமில்ல மா, யாரும் என் தலைய தொட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். நான் இன்னொரு முறை அலசிவிட்டேன்.

அன்று நான் யாருக்கும் எதையும் மறைக்கவில்லை அத்தை. கடையை மூடினால் அந்த அக்கா எங்கே போவார்? உங்கள் பெண்கள் ஐக்கியத்துக்கு வருவார் என்பீர்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே யாராவது அவர் தலையைத் தொடுவீர்களா?

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட மனம் வரவில்லை.

அன்புடன்,
பமீலா


ரஹாங்
2 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு,

இயேசுவுக்கே புகழ். போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. கோபமா? கோபம் என்றால் நாலு வரி திட்டியாவது எழுதுங்கள். உங்கள் திட்டு எனக்குப் பழகிவிட்டது, இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது.

டொனால்ட் லீவில் வந்து போன பிறகு பேசினார். "அம்மா ரொம்ப எளச்சிட்டாங்க. உபவாசம்னு சொல்றாங்க. சோத்த பாத்தாலே மூஞ்ச திருப்பிக்கிறாங்க" என்றார். கடைக்காக உபவாசம் இருக்கிறீர்களா? அப்படியானால் தயவுசெய்து சாப்பிடுங்கள். நீங்கள் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால்தான் நாம் சண்டை போட முடியும்.

மண்டபம் சொல்லியாகிவிட்டது. சபையிலிருந்து இன்னும் சம்மதம் வரவில்லை. டொனால்டை எனக்கு நிரம்பப் பிடிக்கும் அத்தை. கடையையும் பிடிக்கும். இரண்டில் ஒன்று என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பமீலா


புக்கிட் பெலண்டோக் தோட்டம்
4 ஜூலை 2024

பிரியமான மகள் பமீலாவுக்கு,

ஸ்தோத்திரம். கோபம் இல்லை. கை கொஞ்சம் மரத்துப் போகிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். மற்றபடி சுகம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு சகோதரி. ஒரு மருந்து சாப்பிட்டதில் அவளுக்குப் புருவம் கொட்டிவிட்டது. அவள் அலங்காரப் பிரியை அல்ல, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். முக்காடு போடுகிறவள். ஆனால் முக்காடு புருவத்தை மறைக்காது. பார்க்கிறவர்கள் முதலில் அவள் முகத்தில் என்ன குறைகிறது என்று யோசிக்கிறார்கள், பிறகு கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள். அவளுக்கு வெளியே போகவே பிடிக்கவில்லை. வீட்டில் ஒரு விசேஷம் வேறு வருகிறது. புருவம் எப்படிப் போடுவது? பாவம், அவளுக்காகக் கேட்கிறேன்.

உன் மோகனா அக்காவைப் பற்றி எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடை விஷயத்தை முடிவு செய்ய ஆகஸ்டு கடைசி ஞாயிறு சபைக் கூட்டம். என் நிலை அதேதான்.

தனலெட்சுமி


ரஹாங்
12 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் கடையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கை மரத்துப் போனால் வெந்நீரில் வைத்துத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், மாமா தேய்க்கட்டும்.

அந்தச் சகோதரிக்காக ஒரு பென்சில் இதோடு வைத்திருக்கிறேன். கறுப்பு அல்ல, காப்பி நிறம். கறுப்பு போட்டால் மேடை நாடகத்து ராஜா மாதிரி ஆகிவிடும். ஒரே கோடாக இழுக்கக் கூடாது. முடி முளைக்கிற மாதிரி சின்னச் சின்னக் கீற்றாக வைக்க வேண்டும். மூக்கின் ஓரத்துக்கு நேர் மேலே தொடங்கி, கண்ணின் கடைக்கோடியைத் தாண்டிக் கொஞ்சம் சரிய விட வேண்டும். இரண்டும் அச்சாக ஒரே மாதிரி வராது. கடவுள் வைத்ததும் அப்படி இல்லை.

சகோதரிக்கு இமை முடியும் போய்விட்டதா? வாயில் புண் இருக்கிறதா? அந்த மாதிரி மருந்து எடுத்தவர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. புண் இருந்தால் காரமும் புளியும் வேண்டாம். தலையில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவட்டும், தோல் இழுக்காமல் இருக்கும்.

அவரிடம் என் அன்பைச் சொல்லுங்கள். உங்களுக்கும் அதே அன்பு.

பமீலா


ரஹாங்
6 ஆகஸ்டு 2024

அன்புள்ள அத்தைக்கு,

மறுபடியும் பதில் இல்லை. நான் காத்திருக்கப் போவதில்லை.

நேற்று லுக்குட்டிலிருந்து ஒரு பெண் முடி வெட்ட வந்தாள். நான் யார் வீட்டு மருமகளாகப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. "அக்கா, கத கேட்டீங்களா? புக்கிட் பெலண்டோக் பாஸ்டர் சம்சாரம் மாரியம்மன் திருவிழாவுல மொட்ட போட்டுட்டாங்களாம் லா! பக்கத்து வீட்டுல பஞ்சாலைன்னு ஒரு அக்கா, அவங்க கண்ணால பாத்தாங்களாம். எத்தன வருஷமா அல்லேலூயா பாடுனவங்க, திரும்பி வந்துட்டாங்க" என்றாள்.

என் கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது. நேர்த்திக்கடன் செலுத்தினால் தலைமுடிதான் போகும். புருவம் போகாது. எந்தக் கோயிலிலும் புருவத்தைக் கேட்பதில்லை. இது எனக்குத் தொழில்.

அந்தச் சகோதரி நீங்கள்தானே அத்தை?

செவ்வாய்க்கிழமைகளில் என்ன வேலையாகச் சிரம்பான் வந்தீர்கள் என்று இப்போது புரிகிறது. கடையிலிருந்து பார்த்தால் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பஸ் தெரியும். எத்தனை செவ்வாய் அதில் நீங்கள் போனீர்களோ, நான் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்து இரவு முழுவதும் அழுதேன். டொனால்டிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை நான் அங்கே வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். கண்ணாடி ஒன்றை எடுத்து வையுங்கள்.

பமீலா


புக்கிட் பெலண்டோக் தோட்டம்
12 ஆகஸ்டு 2024

என் மகளே,

ஸ்தோத்திரம். சுகம் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. சுகமில்லை.

மார்பில் கட்டி. மார்ச்சில் தெரிந்தது. மே மாதத்திலிருந்து மருந்து ஏற்றுகிறார்கள், அது முடிந்த பிறகு ஆபரேஷன். பாஸ்டருக்கு மட்டும் தெரியும். டொனால்டுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவான், கல்யாணத்தைத் தள்ளி வைப்பான். சபைக்குத் தெரிந்தால் எனக்காக ஜெபிப்பார்கள். சீக்கிரம் சுகமாகவில்லையென்றால் என் விசுவாசத்தை அளக்கத் தொடங்குவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பஞ்சாலை விஷயமும் கேள். கொல்லையில் துணி காயப்போடும்போது காற்றில் முக்காடு பறந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். என் தலையைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து நிற்கிறாள். "அக்கா, நீங்களும் ஆத்தாவுக்கு முடி குடுத்தீங்களா! எனக்குத் தெரியும், எங்க போனாலும் நம்ம ரத்தம் விடாதுன்னு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இல்லை என்றால் வியாதியைச் சொல்ல வேண்டும். பேசாமல் நின்றேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். இப்போது நான் பின்வாங்கிப் போனேனா என்று மூப்பர் முகுந்தன் பாஸ்டரைக் கேட்கிறார். கூட்டத்தில் உன் கடையோடு என் தலையும் விசாரணைக்கு வருகிறது.

உன் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஒரு புருவம் மேலே ஏறிவிட்டது, ஒன்று கீழே. குடும்ப ஜெபத்தில் பாஸ்டர் கண்ணைத் திறந்தவர் ஆமென் சொல்வதற்குள் சிரித்துவிட்டார். வியாதி தெரிந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

பமீலா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. வியாதிக்காக அல்ல. உள்ளான அழகு என்று இத்தனை வருடம் போதித்தவள், முடி கொட்டிய அன்று வேதத்தைத் தேடவில்லை, கண்ணாடியைத்தான் தேடினேன்.

வா. ஆனால் ஒன்றுமே பூசாமல் வா. நீ என் தலையைப் பார்க்கப் போகிறாய். பதிலுக்கு நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் அத்தை


ரஹாங்
22 ஆகஸ்டு 2024

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் கொடுத்தனுப்பிய மரவள்ளிக்கிழங்கை அம்மா அன்றே அவித்துவிட்டார். மருந்து ஏற்றிய களைப்பு குறைந்ததா?

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். ரஹாங்கிலிருந்து உங்கள் வீடு வரை ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே மோட்டார் ஓட்டி வந்தேன். சிக்னலில் நின்றபோதுகூட ஏற்றவில்லை. பள்ளியில் படிக்கும்போது கன்னமெல்லாம் பரு, அதன் குழிகள் அப்படியே இருக்கின்றன. அந்த வயதில் பையன்கள் வைத்த பெயரை எழுத இப்போதும் கை வரவில்லை. வெறும் முகத்தை அம்மாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. டொனால்ட்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் உங்கள் அந்தக் கேள்வியை ஒவ்வொரு கடிதத்திலும் தாண்டித் தாண்டிப் போனேன்.

நீங்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? நான் என்னமோன்னு நெனச்சேன். உள்ள வா, டீ ஆறுது" என்றீர்கள். அதற்காக உங்கள் காலில் விழலாம் போல் இருந்தது அத்தை.

உங்கள் தலையை மடியில் வைத்து எண்ணெய் தடவியபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். "மோகனா அழுதது இப்ப புரியுது" என்றீர்கள். நான் ஏப்ரலிலிருந்து காத்திருந்த பதில் அதுதான்.

புருவம் போட்டு முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து, "இது நான்தான்" என்று சொன்னீர்கள். நான் யாரையும் வேறு ஆளாக மாற்றுவதில்லை அத்தை, இதைச் சொல்ல வைப்பதுதான் என் வேலை.

இனிமேல் உங்கள் முன்னால் பூசாமல் வருவேன். கடைக்குப் பூசிக்கொண்டுதான் போவேன். பிடிக்கும், அதனால் பூசுகிறேன். இரண்டு முகமும் என்னுடையதுதான் என்று இப்போது தைரியமாகச் சொல்ல வருகிறது.

டொனால்டிடம் சொல்லிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஜோகூரிலிருந்து அழுதுகொண்டே பேசினார். சனிக்கிழமை அங்கே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்காகப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள்,
பமீலா


புக்கிட் பெலண்டோக் தோட்டம்
27 ஆகஸ்டு 2024

என் மகள் பமீலாவுக்கு,

ஸ்தோத்திரம். பாஸ்டர் சுகம், நான் பரவாயில்லை, உன் டொனால்டுக்குத்தான் அழுது அழுது ஜலதோஷம்.

ஞாயிறு காலை அவன்தான் எனக்குப் புருவம் போட்டான். மெஷின் வேலை பார்க்கிறவன் அல்லவா, ஸ்கேல் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

எங்கள் சபை பழைய ஆயாக் கொட்டகையில் நடக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். முன்பு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போன இடம். அன்று ஆராதனைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பஞ்சாலையும் நின்றாள். ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் மூப்பர் எழுந்திருப்பதற்குள் நான் எழுந்தேன். முக்காட்டை எடுத்தேன். எங்கள் சபையில் ஒரு பெண் அப்படி நின்றதே இல்லை.

"நான் கோயிலுக்கு முடி குடுக்கல. எனக்கு மார்ல புத்துநோய். மருந்துல கொட்டிருச்சு. புருவமும் போச்சு, இது வரஞ்சது. நகைய கழட்டுனா உள்ள அழகு வந்துரும்னு உங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். நகைதான் கழண்டுச்சு. பெரும அப்படியே இந்த முக்காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்திச்சு. நான் சீக்குன்னு தெரியக்கூடாது, நான் திடமானவன்னு நீங்க நெனைக்கணும். அதுவும் ஒரு மேக்கப்தான்" என்றேன்.

மூப்பர் முகுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப அந்தக் கட விஷயம், சிஸ்டர்?" என்றார். மனுஷர் விடுகிற ஆள் இல்லை.

"நீங்க எல்லாரும் எனக்காகக் கை தூக்கி ஜெபிப்பீங்க. அந்தப் புள்ள வந்து இந்தத் தலைய மடியில வச்சுக்கிச்சு. தேவன் உள்ளத்தப் பாக்குறாருன்னா அந்தக் கையையும் பாத்திருப்பாரு. கடைய மூடணும்னு நெனைக்கிறவங்க இப்ப எழுந்து நில்லுங்க" என்றேன்.

யாரும் எழவில்லை. மூப்பர் நின்றுகொண்டிருந்தவர், உட்கார்ந்துவிட்டார். பிறகு முதல் ஆளாக அவரே எனக்காக ஜெபித்தார், அதையும் சொல்ல வேண்டும். வெளியே வந்தபோது அவர் மனைவி சிந்துஜா என்னை ஓரமாக இழுத்து, ராசா கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டாள்.

பஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "தப்பா பேசிட்டேன் அக்கா. ஆத்தாகிட்ட உங்களுக்காக நேந்துக்கிறேன்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. பொங்கல் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

நகை விஷயத்தில் நான் மாறவில்லை. ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி எல்லாம் சபைக்குள் வராது. கல்யாணத்தன்று உன் அம்மாவின் தோட்டைப் போட்டுக்கொள்வதைப் பற்றி என்னிடம் கேட்காதே, எனக்குத்தான் காது கேட்காதே.

பதினான்காம் தேதி அதிகாலையில் முதலில் என் புருவத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் நீ மணப்பெண் ஆகலாம்.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

உன் அத்தை,
தனலெட்சுமி


புக்கிட் பெலண்டோக் தோட்டம்
9 அக்டோபர் 2024

அன்பு மருமகளுக்கு,

ஸ்தோத்திரம். ராசாவில் நீயும், வேலை மாற்றிக்கொண்டு வந்த டொனால்டும் சுகமா? நேற்றுதான் போனில் பேசினாய், பாதி கேட்டது. மீதியை இட்டுக்கட்டாமல் எழுதிவிடுகிறேன். சோறு இறங்குகிறது. அடுத்த மாதம் ஆபரேஷன், பயம் இருக்கிறது, சமாதானமும் இருக்கிறது. தலையில் பூனைக்குட்டி முதுகு மாதிரி முடி வந்திருக்கிறது. பாஸ்டர் போகும்போதும் வரும்போதும் தடவிவிட்டுப் போகிறார்.

கல்யாணப் படங்களைப் பஞ்சாலைக்குக் காட்டினேன். அவள் என் புருவத்தைத்தான் முதலில் மெச்சினாள், மணப்பெண்ணைப் பிறகு பார்த்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை நீ வெறும் முகத்தோடு அடுப்படிக்கு வந்ததையும், டொனால்ட் பார்த்துவிட்டு, "காப்பிக்குச் சீனி போட்டியா?" என்று மட்டும் கேட்டதையும் நான் கவனித்தேன். அந்த ஒரு விஷயத்தில் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறேன்.

நேற்று பரிசோதனைக்குப் போனபோது, வார்டில் மருந்து ஏற்றிக்கொள்ள உட்கார்ந்திருந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தமிழ்ப் பெண்கள், ஒரு சீனத்தி, ரெம்பாவிலிருந்து வருகிற ஒரு மலாய் டீச்சர். எல்லாருக்கும் ஒரே கேள்வி, இந்தப் புருவம் எங்கே போட்டது? என் மருமகள் கற்றுக்கொடுத்தது என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அது எந்தப் பாவக் கணக்கில் வருமோ, நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாதியிடம் அனுமதி கேட்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை உனக்கு விடுமுறைதானே, பெட்டியை எடுத்துக்கொண்டு வா. நீ புருவம் போடு, வேண்டும் என்கிறவர்களோடு நான் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறேன். ஜெபம் முதலிலா, புருவம் முதலிலா என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் புருவம் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

வெரோணிக்கம்மாள் வேதத்தில் இல்லை. அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. துணியை நான் கொண்டு வருகிறேன்.

உன் அத்தை,
தனலெட்சுமி